கயிறுதான், தூங்கு

படகு தண்ணீரில் இல்லை. அதனால்தான் அந்தச் சத்தம் அவளை உறுத்தியது.

மதியச் சாப்பாடு முடிந்து கண் அசரும் நேரம். பட்டறையில் தேய்ப்பு எந்திரங்களும் சுத்தியல்களும் ஓய்ந்திருந்தன. கரையேற்றிய படகு இரும்பு முட்டுக்கால்களின் மேல் நின்றது; ஏணி வைத்துத்தான் ஏறவேண்டும், அவ்வளவு உயரம். உள்ளே, பழைய டீசலும் ஈரத் துணியும் புதுப் பிசினும் சேர்ந்து தொண்டையைக் கரகரக்க வைக்கும் வாடையில், வலப்பக்கச் சுவரை ஒட்டிய ஒடுங்கிய கட்டிலில் அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவள் தலைக்கு ஒரு சாண் தள்ளி, சுவருக்கு அந்தப் பக்கம், யாரோ தட்டினார்கள். இரண்டு தட்டு. சிறு இடைவெளி. இன்னொரு தட்டு.

சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் காற்று. யாராவது தட்டவேண்டுமென்றால் இன்னொரு ஏணி வைத்து ஏறி நின்றிருக்க வேண்டும்.

மறுபடியும். இரண்டு. இடைவெளி. ஒன்று.

"என்னங்க," என்றாள். "யாரோ தட்டுற மாதிரி இருக்கு."

எதிர்க் கட்டிலில் கணவர் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "கயிறு," என்றார். "கயிறுதான். தூங்கு."

பாய்மரத்தில் தொங்கும் கயிறுகள் காற்றில் மோதித் தட்டுவது உண்மைதான். ஆனால் அது தலைக்கு மேலே கேட்கும், உலோகச் சத்தமாகக் கேட்கும். இது பக்கவாட்டில், மெத்தென்று, ஏதோ கெஞ்சுவது போல இருந்தது. விளையாட்டாகவா வீம்பாகவா என்று அவளுக்கே தெரியாது, விரலை மடக்கிச் சுவரில் ஒரே ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள்.

வெளியே ஒரு கணம் அமைதி. அப்புறம் அந்தத் தட்டல் வெறி பிடித்ததுபோல் எழுந்தது. இரண்டு கையாலும் அடிப்பது மாதிரி, மேலும் கீழும், மூச்சுவிடாமல். பதில் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அடிப்பது மாதிரி. அவள் கையைச் சுட்டுக்கொண்டவள்போல் இழுத்துக்கொண்டாள். எழுந்து, தலையணையை எடுத்துக் கால்மாட்டுப் பக்கம் போட்டு, தலையை அந்தப் பக்கம் வைத்துப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் தட்டல் தளர்ந்து, தளர்ந்து, நின்றது.

அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

சத்தம் விஷயத்தில் அவள் ஏமாறுகிற ஆள் இல்லை. ஓய்வு பெறும்வரை அவளுக்கு ஆஸ்பத்திரியில் காதுப் பரிசோதனை வேலை. ஆட்களைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொல்லுவாள். சத்தமே கொடுக்காதபோதும் விரலைத் தூக்கும் பேர்வழிகள் உண்டு. அவர்களை நொடியில் கண்டுபிடித்துவிடுவாள். சோதனை முடிந்ததும் கண்ணாடியில் தட்டி வெளியே வரச் சொல்லுவாள். காதுக் கருவியிலோ பதிவிலோ தன் குரலைக் கேட்டால் அது தன்னுடையது என்று யாருக்குமே தோன்றாது, அதனால் பயப்படாதீர்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லுவாள். அப்படிப்பட்டவள் காதில்தான் அவர் பூச்சுற்றப் பார்த்தார்.

அவர் காப்பீட்டுக் கம்பெனிக்காகச் சேதம் மதிப்பிட்டவர். எரிந்த கடை, நசுங்கிய கார், வெள்ளத்தில் ஊறிய கிடங்கு என்று ஆயுசு முழுக்க அடுத்தவர் நஷ்டத்தின் முன்னால் நின்று, "இது உங்க கவனக்குறைவு" என்று அழுகிறவன் முகத்துக்கு நேரே சொன்னவர். சொல்லிச் சொல்லி அவருக்கே ஒரு நம்பிக்கை வந்துவிட்டது: எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும், கவனமாக இருப்பவனுக்கு எதுவும் ஆகாது. ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று, யாரோ ஓட்டிப் பழகிய இந்தப் பாய்மரப் படகை வாங்கினார். ஆழ்கடலில் நாட்டுக்கு நாடு போய்க்கொண்டே இருப்பதுதான் திட்டம். அவளிடம் கேட்டுத்தான் செய்தார் என்றும் சொல்லலாம். "நமக்கு ஒரு படகு பார்த்திருக்கேன்" என்பதும் ஒருவகையில் கேள்விதானே.

அவருக்கு அது பொற்காலம். காலையில் எழுந்தால் புது பேட்டரி, சோலார் பலகை, கடல்நீரைக் குடிநீராக்கும் எந்திரம், ஆள் தொடாமலே திசை பிடித்து ஓட்டும் தானியங்கிச் சுக்கான் என்று ஒவ்வொன்றாக மாட்டுவார். கழற்றுவார், திரும்ப மாட்டுவார். பட்டறை ஆட்கள் அவரைக் கேப்டன் என்று கூப்பிட்டார்கள். கிண்டல்தான். அவருக்கு அது கிண்டல் என்று உறைக்கவே இல்லை.

தட்டல் மட்டும் தினம் வந்தது. எப்போதும் மதியம், எப்போதும் அதே இடம். அவள் மேலே ஏறி, பாய்மரத்தில் தொங்கிய அத்தனை கயிற்றையும் பழைய துணிக் கிழிசல்களால் இழுத்து விலக்கிக் கட்டினாள். அன்றைக்கும் வந்தது.

"இப்போ எந்தக் கயிறு?" என்றாள்.

"பக்கத்துப் படகோட கயிறு," என்றார் அவர், தயக்கமே இல்லாமல்.

ஒருநாள் தட்டல் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் ஓசைப்படாமல் எழுந்து ஏணி வழியாக இறங்கினாள். வெயிலில் பட்டறை முற்றம் வெளுத்துக் கிடந்தது. ஒரு ஈ, காக்காய் இல்லை. தன் கட்டிலுக்கு நேர் கீழே போய் அண்ணாந்து பார்த்தாள், வெறும் சுவர். தட்டல் நின்றிருந்தது. முட்டுக்காலின் குறுக்குக் கம்பியில் ஏறி நின்று படகின் உடம்போடு காதை வைத்தாள். அந்தச் சுவர் சத்தத்தை அப்படியே கடத்தும்; உள்ளே மின்விசிறி சுற்றுவதும் அவர் குறட்டையும் பக்கத்தில் படுத்தால் கேட்பதுபோல் கேட்டன். அப்புறம், காதுக்கு மிக அருகே, அவளுடைய கட்டில் பலகை முனகியது. யாரோ புரண்டு படுத்தார்கள்.

அவர்தான் இடம் மாறிப் படுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு மேலே ஏறினாள். அவர் எதிர்க் கட்டிலில் வாயைத் திறந்துபோட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் கட்டில் காலியாக இருந்தது. தலையணை கால்மாட்டில் இருந்தது. அதை அங்கே வைத்தது தானா இல்லையா என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

வெளிப்புறப் பூச்சைச் சுரண்டும்போது பெயிண்டர் அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். வலப்பக்கம், அவள் கட்டிலுக்கு நேரே, பழைய பூச்சுக்கு அடியில் சின்னச் சின்னப் பள்ளங்கள். நகத்தளவு, பிறை வடிவில், ஒன்றின்மேல் ஒன்றாக.

"வெளியிலேர்ந்து மோதியிருக்குங்கம்மா. இரும்பு மாதிரி ஏதோ," என்றார் பெயிண்டர். "ஒரே இடத்துல எத்தனை தடவை பாருங்க. யாரோ வேலை மெனக்கெட்டு அடிச்ச மாதிரி."

"துறையில கட்டியிருந்தப்போ பக்கத்துப் படகு உரசியிருக்கும்," என்றார் கேப்டன். பள்ளம் அடைய மக்கு பூசி, தேய்த்து, மேலே நீலம் அடித்துவிட்டார்கள். கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

பழைய சொந்தக்காரர் படகோடு எல்லாவற்றையும் விட்டுப் போயிருந்தார். தட்டு, டம்ளர், போர்வை, இரண்டு லைஃப் ஜாக்கெட். ஒவ்வொரு ஜாக்கெட்டின் மார்பிலிருந்தும் ஒரு பிணைக்கயிறு. அதன் நுனியில் இரும்புக் கொக்கி. கடலில் மேல்தளத்தில் நடக்கும்போது, படகின் நீளத்துக்கு ஓடும் வாரில் அந்தக் கொக்கியை மாட்டிக்கொள்ள வேண்டும். தவறினாலும் படகைவிட்டுப் போகமாட்டோம். சின்ன ஜாக்கெட், பெண்ணுடையது, அதன் பிணைக்கயிறு பாதியில் முடிந்திருந்தது. அவள் நுனியைத் தடவிப் பார்த்தாள். அறுந்த கயிறு பிரிபிரியாக இருக்கும். இது சுத்தமாக, நேராக இருந்தது.

"இதைக் கத்தியால வெட்டியிருக்காங்க," என்றாள்.

"நைஞ்சு போயிருக்கும்," என்றார். எந்தச் சேதத்தையும் பார்த்த மாத்திரத்தில் எப்படி ஆனது என்று சொல்லிவிடுகிற மனிதர், அதைக் கையில் வாங்கிப் பார்க்கவே இல்லை. அன்று சாயங்காலமே புதுக் கயிறு வாங்கி வந்தார். பழையதைவிட ஒன்றரை மடங்கு நீளமாக வெட்டி, இரண்டு நுனியிலும் கொக்கியை மாட்டித் தைத்து, மாற்றுக் கொக்கி ஒன்றையும் ஜாக்கெட்டின் மார்பில் தொங்கவிட்டார். கட்டைக் கயிறாக இருந்தால் நடக்கும்போது பிடித்துப் பிடித்து இழுக்கும். நீளமாக இருந்தால் கழற்றி மாட்டாமலே படகு முழுக்கச் சுற்றி வரலாம். தன் கண்டுபிடிப்பில் அவருக்கு ஒரே பெருமை. "யானையே தொங்கினாலும் அறுகாது," என்றார்.

படகைத் தண்ணீரில் இறக்குவதற்குச் சில நாள் முன்பு பழைய சொந்தக்காரர் வந்தார். ஏதோ சாவி தரவேண்டும் என்றார். அதற்காக வந்த மாதிரித் தெரியவில்லை. மெலிந்த, மரியாதையான மனிதர். ஏணி ஏறி உள்ளே வந்தவர் அவளுடைய கட்டிலைப் பார்க்காமல் இருக்கத் தலையைத் திருப்பியே வைத்திருந்தார். கேப்டன் தேநீர் போடப் பின்பக்கம் போனதும் வந்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"கேக்குதாம்மா?"

எதைக் கேட்கிறார் என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை.

"உங்களுக்கும் கேட்டுச்சா?"

"எனக்கு இல்ல. என் வீட்டுக்காரிக்கு. கரையில நின்ன அத்தனை நாளும் சொல்லிக்கிட்டே இருந்தா. நான் கயிறுன்னேன்." உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். "அப்புறம் ஒருநாள் நடுக்கடல்ல, பகல்ல, நான் தூங்கப் போனேன். அவ காவல். நல்ல தூக்கம்மா. அத்தனை நல்லாத் தூங்கி ரொம்ப நாள் ஆச்சு. நடுவுல தட்டுற சத்தம் கேட்டுச்சு. கயிறுன்னு நினைச்சேன். எழுந்து மேல வந்து பார்த்தா பக்கவாட்டுல தொங்கிட்டு இருந்தா. தனி ஆளா தூக்க முடியல. எவ்வளவோ இழுத்துப் பார்த்தேன்."

"கயித்தை..."

"நான்தான் வெட்டினேன்," என்றார். சொல்லிவிட்டு அவள் கண்ணை நேராகப் பார்த்தார். "அப்படியே கட்டி இழுத்துக்கிட்டுக் கரை வரைக்கும் வர முடியுமா, சொல்லுங்க?"

அவர் முன்னால் குனிந்தார்.

"எப்படித் தட்டுது? கொஞ்சம் தட்டிக் காட்டுங்கம்மா. அதுக்குத்தான் வந்தேன்."

அவள் மேசைமேல் தட்டிக் காட்டினாள். இரண்டு. இடைவெளி. ஒன்று.

அவர் உன்னிப்பாகக் கேட்டார். இன்னொருமுறை தட்டச் சொல்லிக் கேட்டார். பிறகு அவர் முகத்தில் தோன்றிய நிம்மதியைப் போல ஒன்றை அவள் வேறு எந்த மனிதர் முகத்திலும் பார்த்ததில்லை.

"இது அவ இல்ல," என்றார். "அவ விடாமத் தட்டுவா, அவசரக்காரி. இது அவ இல்லவே இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தேநீருக்குக்கூட நிற்கவில்லை. ஏணியில் இறங்கும்போது, இவளைத் தேற்றுவதாக நினைத்து, அன்பாகச் சொன்னார்: "பயப்படாதீங்கம்மா. தண்ணியில இறக்கினதும் நின்னுடும். எங்களுக்கும் நின்னுடுச்சு."

கணவரிடம் அன்று அவள் கத்தினாள். வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலை உயர்த்திக் கத்தினாள். அவருக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது. விற்றவர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். இவர்தான் இவளிடம் 'அவர் மனைவி உடம்பு முடியாமல் போய்விட்டார்' என்று மழுப்பியிருக்கிறார்.

"சொன்னா நீ வரமாட்டே," என்றார், அதுவே நியாயம் என்பதுபோல. "அது அவங்க கவனக்குறைவு. தனியா முன்பக்கம் போயிருக்காங்க. நீ போகப்போறதில்ல. பின்னாடி உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இரு, போதும். முன்னாடி வேலை எதுவா இருந்தாலும் என்னை எழுப்பு."

அவள் தங்கைக்குப் போன் செய்தாள்.

"அக்கா, பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பி வா," என்றாள் தங்கை. "மாடியில ரூம் சும்மாத்தான் கிடக்கு. அத்தான் வேணும்னா மீனோட குடும்பம் நடத்தட்டும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். பையைக் கட்டினாள். கட்டிய பையை ஏணிப் பக்கத்தில் வைத்துவிட்டு அவரிடம் ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். படகு தண்ணீரில் இறங்கட்டும். துறையில் கட்டிப்போட்டு ஒரு வாரம் இருப்போம். அந்த ஒரு வாரத்தில் ஒரு தட்டுக் கேட்டால்கூட அவள் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள், அவர் அவளைக் கூப்பிடக் கூடாது. கேட்கவே இல்லையென்றால் வருவாள், அதைப் பற்றி அப்புறம் பேசமாட்டாள். அவர் ஒப்புக்கொண்டார். உண்மையில் அவள் ஜெயிக்கத்தான் பந்தயம் கட்டினாள். தட்டும் என்று அவளுக்கு அவ்வளவு உறுதி.

தட்டவில்லை.

ஒரு வாரமும் மதியங்களில் அந்தக் கட்டிலில் கண்ணை மூடாமல் படுத்துக் கிடந்தாள். தண்ணீர் சுவரை நக்கும் சத்தம், துறைக் கம்பங்கள் நெறிபடும் சத்தம், எங்கோ நிஜமாகவே ஒரு கயிறு பாய்மரத்தில் மோதும் சத்தம். வேறொன்றும் இல்லை. வெளியே எதுவும் இல்லாதபோது தட்டிய இடத்தில், இப்போது தண்ணீர் வந்தபிறகு, யாருமே இல்லை. அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. விரலைத் தூக்கும் பேர்வழிகளில் தானும் ஒருத்தியோ என்று நினைத்துக்கொண்டாள். பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கினாள்.

மேல்தளத்தைக் கழுவும்போதெல்லாம் தண்ணீர் தெறித்து லைஃப் ஜாக்கெட்டில் இருந்த சின்னக் கருவி கண்சிமிட்ட, உள்ளே இருந்த பெட்டி 'ஆள் தண்ணீரில்' என்று அலறியது. அது ஆள் விழுந்தால் எச்சரிப்பதற்காக அவர் புதிதாக வாங்கியது. நாலைந்து முறை பொய்யாக அலறியதும் அவர் எரிச்சலில் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். "கடலுக்குள்ள போனதும் மாட்டிக்கலாம்," என்றார்.

புறப்பட்டார்கள்.

கடல் அவளுக்குப் பிடித்துப்போனது, அதுதான் கொடுமை. கரை மறைந்த பிறகு வாந்தியும் தலைச்சுற்றலும் அடங்க, ஒரு காலையில் பின்பக்க இருக்கையில் உட்கார்ந்து, யாரும் இதுவரை மூச்சுவிடாதது போன்ற காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டிருந்தபோது, நல்லவேளை வந்தோம் என்று வாய்விட்டே சொன்னாள். அவர் அதைக் கேட்டு அவள் தலையைத் தடவிவிட்டுப் போனார். இரவெல்லாம் அவர் காவல். பகலில் அவள் காவல், அவர் தூக்கம். தானியங்கிச் சுக்கான் முனகிக்கொண்டே திசை பிடித்து ஓட்டியது. அவளுக்கு வேலையே இல்லை. தங்கையிடம் சொல்ல எத்தனையோ இருந்தது.

அன்று மதியம் வெயில் சுள்ளென்று அடித்தது. வானம் துடைத்த மாதிரி. அலை பெரிதாக இல்லை. பாய்மரத்தில் ஒரு கயிறு அவிழ்ந்து, டங், டங் என்று மோதியது. இந்தமுறை கயிறேதான்.

கீழேயிருந்து அவர் குரல் வந்தது, தூக்கக் கலக்கத்தில், சலிப்போடு. "அந்தக் கயிறு தட்டிக்கிட்டே இருக்கு. போய் இழுத்துக் கட்டேன். தூங்க முடியல."

"முன்னாடி நான் போகக்கூடாதுன்னு..."

"கொக்கி மாட்டிக்கிட்டுத்தானே போறே. ரெண்டு நிமிஷ வேலை. ராத்திரி முழுக்க முழிச்சவன்மா நான்."

அவர் அப்படி 'அம்மா' போட்டுப் பேசினால் அவளால் மறுக்க முடிந்ததே இல்லை. ஜாக்கெட்டை இறுக்கிக்கொண்டாள். கொக்கியை வாரில் மாட்டினாள். ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்தாள். விளிம்பின் கம்பி வேலியை ஒட்டித் தவழ்ந்தே முன்னால் போனாள். கயிற்றைப் பிடித்து, இழுத்து, இறுக்கிக் கட்டினாள். டங் நின்றது. கடலே ஓய்ந்தது போன்ற அமைதி. தான் போட்ட முடிச்சைப் பார்த்து அவளுக்குத் திருப்தியாக இருந்தது, இனி அவிழாது.

திரும்பினாள். நீளமான பிணைக்கயிறு காலடியில் வளைந்து கிடந்தது. படகு வலப்பக்கமாக ஒருமுறை சாய்ந்தது, பெரிய சாய்வுகூட இல்லை. கால் வளையத்தில் சிக்கியது.

வானம். கம்பி வேலி. வானம். தண்ணீர்.

கயிறு அறுகவில்லை. யானையே தொங்கினாலும் அறுகாது. மார்பில் வெட்டி இழுத்து நிறுத்தியது. தண்ணீரில் விழுந்தால் தானே ஊதிக்கொள்ளும் ஜாக்கெட் வெடித்து உப்பி அவள் தாடையை மேலே தள்ளியது. கட்டைக் கயிறாக இருந்திருந்தால் வேலிக்கு உள்ளேயே விழுந்திருப்பாள். இது அவளை விளிம்பைத் தாண்டவிட்டு, மார்பளவு தண்ணீரில் தொங்கவிட்டு, கொக்கி வாரில் பின்னால் வழுக்கி வர, படகோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. கத்த வாய் திறந்தாள். வாய் நிறைய உப்பு. இருமினாள். மறுபடி திறந்தாள். மறுபடி உப்பு. தோளில் சின்னக் கருவி கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. தன் கடமையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. உள்ளே அதைக் கேட்கவேண்டிய பெட்டியின் ஒயர் இன்னும் பிடுங்கியபடியே கிடந்தது.

முகத்துக்கு நேரே நீலச் சுவர். புதுப் பூச்சு. கண்ணாடி மாதிரி. பிடிக்க ஒரு விளிம்பு இல்லை.

ஜாக்கெட்டிலிருந்து பிணைக்கயிற்றைக் கழற்றும் கொக்கியைத் தேடினாள். தன் எடையே அதை இறுக்கியிருந்தது. அசையவில்லை. மாற்றுக் கொக்கி ஒன்று மார்பில் சும்மா தொங்கியது. அதைப் பிடித்துச் சுவரில் அடித்தாள். பூச்சில் நகத்தளவு ஒரு பிறை விழுந்தது. முதல் தடம்.

சுவருக்கு அந்தப் பக்கம் எது என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய கட்டில். அதற்கு இரண்டு எட்டுத் தள்ளி அவர். அவர் காதில் குறை ஒன்றுமில்லை, அவளே பரிசோதித்தவள். கேட்கும். கட்டாயம் கேட்கும். கை தானாகத் தட்டியது.

இரண்டு. இடைவெளி. ஒன்று.

அவள் கை நின்றது.

கண்ணாடி அறையின் தட்டு. இத்தனை வருஷமும் அவள் கை தட்டிய தட்டு. முடிந்தது, வெளியே வாருங்கள். தன் கைப் பழக்கத்தை யார்தான் காதால் அடையாளம் வைத்துக்கொள்கிறார்கள்?

இல்லை, என்று நினைத்தாள். இல்லை, இல்லை. படகு சாய்ந்து அவளைச் சுவரோடு அழுத்தியது. காது சுவரில் ஒட்டியது. உள்ளே மின்விசிறி சுற்றுவது கேட்டது. குறட்டை கேட்டது. அவள் தட்டினாள். இரண்டு. இடைவெளி. ஒன்று. வேறு மாதிரித் தட்டவேண்டும் என்று நினைத்தாள். கை கேட்கவில்லை. இரண்டு. இடைவெளி. ஒன்று.

குறட்டை நின்றது.

நிம்மதியில் அவளுக்கு அழுகை வந்தது. எழுந்துவிட்டார். எழுந்துவிட்டார்.

காலியாக விட்டு வந்த அவளுடைய கட்டிலிலிருந்து, காதுக்கு ஒரு சாண் தள்ளி, ஒரு பெண் குரல் கேட்டது. அந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறாள், ஆனால் இப்படி வெளியிலிருந்து அல்ல.

"என்னங்க. யாரோ தட்டுற மாதிரி இருக்கு."

"கயிறு," என்றார் அவர், தூக்கத்தில். "கயிறுதான். தூங்கு."

அவள் மூச்சை அடக்கினாள். அடுத்தது என்ன என்று தெரிந்தது. தெரிந்தும் காத்திருந்தாள். காத்திருக்காமல் இருக்க முடியவில்லை.

உள்ளேயிருந்து, விரலை மடக்கி, ஒரே ஒரு தட்டு.

அவள் அடித்தாள். இரண்டு கையாலும், மேலும் கீழும், மூச்சுவிடாமல். இங்கேதான், இங்கேதான் இருக்கிறேன். கொக்கியால் அடித்தாள், முட்டியால் அடித்தாள், நெற்றியால் அடித்தாள். நீலம் பெயர்ந்து மக்கு தெரிந்தது, மக்கு பெயர்ந்து அதற்கடியில் பழைய பிறைகள் தெரிந்தன.

கட்டில் பலகை முனகியது. யாரோ எழுந்தார்கள். தலையணை இழுபடும் சத்தம் அவள் காதை உரசிக்கொண்டு மெல்ல நகர்ந்து, கால்மாட்டுப் பக்கம் போய், அங்கே நின்றது.